எத்தனை விசிலுக்கும் வேகாத காளான்

போன புரட்டாசியில் என் மனைவியின் பித்தப்பையை எடுத்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் மாதம் முழுக்கச் சைவம் என்று அவள் முன்கூட்டியே வேண்டிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் பாசிர் கூடாங்கில் யாராவது தையலோடு வீடு திரும்பினால், பார்க்க வருகிறவர்கள் விரால் மீன் சாறு கொண்டு வருவது வழக்கம். புண் சீக்கிரம் ஆறுமாம். எங்கள் ஐஸ்பெட்டியில் அந்தப் போத்தல்கள் வரிசையாக நின்றன. அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

கஞ்சியும் இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. எடை இன்னும் குறைந்தால் மறுபடியும் வார்டுதான் என்று கிளினிக் நர்ஸ் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை எடை பார்ப்பார்கள்.

பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டியும் சைவம். வேலிக்கு மேலே ஒரு பொட்டலத்தை நீட்டினார். காய்ந்த காளான் இரண்டு வகை. ஒன்று குடை போல, சுருங்கியது. மற்றது பழுப்பு நிறத்தில், பளபளப்பாக, செருப்பு அடியை வெட்டிச் சீவியது போல. காய்கறியோடு நல்லா வேகவைத்துக் கொடு என்றார்.

வேகவைப்பது என்றால் எனக்குக் குக்கர்தான். கேரட், முள்ளங்கி, சோளம், தக்காளி, இஞ்சி, இரண்டு காளானும். நாலு விசில். திறந்து பார்த்தால் குடைக்காளான் பஞ்சாகியிருந்தது. செருப்பு அசையவில்லை. பருப்பு வேகாவிட்டால் என்ன செய்வோம்? மறுபடியும் மூடினேன். விசில் எண்ணுவதை விட்ட பிறகும் அது அப்படியே கிடந்தது. சாறு மட்டும் காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. வடிகட்டி ஒரு கப் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டாள்.

சமையலறைக்குத் திரும்பியவன், வெந்ததா பார்ப்போம் என்று ஒரு துண்டைக் கடித்தேன். கசப்பு காது வரைக்கும் ஏறியது. அந்த நொடியில்தான் ஞாபகம் வந்தது: சின்ன வயதில், சாஆ ஊர் எஸ்டேட்டில், செத்த ரப்பர் மரத்து அடியில் இதே பளபளப்போடு இது முளைத்திருக்கும். விஷம் என்று, தொட்டால் கையிலேயே அடி விழும்.

நான் ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். அபாய மணி அடிக்கும்போது மற்றவர்களை ஓடாமல் நடக்க வைப்பது என் வேலை. ஓடினேன். கப்பைப் பிடுங்கினேன். கைப்பேசி வெளிச்சத்தில் அவள் நாக்கைப் பார்த்தேன். நாடி பிடித்தேன். குதிரை மாதிரி ஓடியது.

"உனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது!"

"என்னங்க, அது உங்க கை."

கப்பை மேசையில் வைத்துவிட்டு வேலிக்குப் போனேன். ஒரு துண்டைத் தூக்கிக் காட்டி, இதைச் சாப்பிடலாமா என்று மலாயில் கத்தினேன்.

"ஆண்ட்டி! இனி போலே மக்கான் கா?"

"மானா போலே!" என்றார் ஆண்ட்டி. எப்படி முடியும் என்று அர்த்தம். நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன். அவர் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு நிதானமாக மிச்சத்தைச் சொன்னார்: "மினும் ஆயிர் சஜா லா. இத்து கெராஸ், மச்சாம் காயூ." தண்ணியை மட்டும் குடிக்கணும், அது கட்டை மாதிரி. பிறகு என் வாயைப் பார்த்தார். "அண்ணே, நீ கடிச்சியா? அலமாக்!"

அவர் சிரித்ததில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

உள்ளே வந்தால் கப் காலி.

"ஏன் குடிச்ச? நான்தான் பிடுங்கி வச்சேன்ல?"

"விஷமா இருந்தா பாதியிலயே வேலை முடிஞ்சிருக்கும். மிச்சத்த ஏன் கொட்டணும்?" வயிற்றுத் தையலைக் கையால் அழுத்திக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வைக்காதீங்க, இழுக்குது. இத்தன நாளா வாயெல்லாம் சப்புன்னு கிடந்துச்சு. இந்தக் கசப்பு நல்லாத்தான் இருக்கு. மிளகு தட்டிப் போட்டு இன்னும் கொஞ்சம் கொண்டாங்க."

மிளகு தட்டினேன். பாதி தரையில் சிதறியது.

சாறு இறங்கியதும் கஞ்சியும் இறங்கியது. திங்கட்கிழமை தராசு முள் போன வாரம் நின்ற இடத்திலேயே நின்றது. வார்டு வேண்டாம் என்றார்கள். வீட்டில் என்ன சாப்பாடு என்று நர்ஸ் கேட்டார்.

"கட்டை, சிஸ்டர்," என்றாள் என் மனைவி. "குக்கர்ல வேகவச்சுத் தராரு."

நர்ஸ் சிரிக்கவில்லை. இனி அந்த மாதிரி எது கொடுத்தாலும் முதலில் டாக்டரைக் கேளுங்கள் என்று என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். என் பல்லிடுக்கில் அந்தக் கட்டையின் நார் ஒன்று இன்னும் இருந்தது.