புகையில்லாத நெருப்பைப் பார்க்கப் போன பயணம்

பிள்ளைகளே, உங்கள் உம்மா ஒரு காலத்தில் எப்படி இருமினார் என்பது மூத்தவளுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். அடுப்புப் புகை நெஞ்சைக் கெடுத்துவிட்டது, குசினியை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும் என்று டாக்குத்தர் சொன்னார். குசினியை விட்டு எங்கே போவது?

எண்பதுகளின் தொடக்கம் அது. மாட்டுச் சாணியில் வாயு எடுத்துப் புகையில்லாமல் சமைக்கலாம் என்று கேள்விப்பட்டேன். நம்மிடம் நான்கு மாடுகள் நின்றன. ஆனால் வீட்டைச் சுற்றியிருந்த வளவு என்னுடையதல்ல. நம் ஊர் வழக்கப்படி வீடும் வளவும் உம்மாவுக்குச் சீதனமாக வந்தவை. அவற்றை உழைத்துக் கொடுத்தவர் உம்மாவின் அண்ணன், உங்கள் மாமா. அவர் சம்மதிக்காமல் அங்கே சாணித் தாங்கிக்கு ஒரு குழி வெட்ட முடியாது. சாணி நஜீஸ், மார்க்கப்படி அசுத்தம், அந்த நெருப்பில் ஆக்கிய சோற்றை யார் தின்பது என்று அவர் ஒரே பிடியாக நின்றார்.

அந்த நேரத்தில்தான் விவசாயிகள் சங்கம் பஸ் பிடித்து, சாணி வாயு அடுப்பு உள்ள ஒரு புதுமாதிரிக் கட்டடத்தைப் பார்க்க எங்களைக் கொழும்புக்குக் கூட்டிப் போனது. மாமாவையும் கெஞ்சி ஏற்றிக்கொண்டேன். சாணி பட்டால் மாற்றிக் கட்டித் தொழ வேண்டும் என்று அவர் பையில் ஒரு சாரன் கூடுதலாக வைத்தார்.

வெயில் கொளுத்திய நேரம். அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் வாய்க்காலில் இறங்கியதுபோல உடம்பு குளிர்ந்தது. அண்ணாந்து பார்த்தேன். ஒரு மின்விசிறிகூட இல்லை. நடுமுற்றத்தில் மரங்கள் நின்றன. சூடான காற்று கூரை இடுக்கால் வெளியேறிவிடும் என்றார் எங்களுக்குச் சுற்றிக்காட்டிய இளம் பொறியியலாளர். கூரையில் விழும் மழையை நிலத்துக்கடியில் சேர்த்துப் பாவிக்கிறார்களாம். நான் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன்.

மொட்டைமாடியில் கறுப்புக் கண்ணாடிப் பலகைகள் வெயிலுக்குச் சாய்ந்திருந்தன. அவற்றிலிருந்து போன கம்பியின் முனையில் ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பொறியியலாளர் சாக்கால் பலகையை மூடினார். பாட்டு நின்றது. எடுத்தார். பாட்டு வந்தது.

"சுப்ஹானல்லாஹ்!" என்ற மாமா, சாக்கை வாங்கித் தானே மூன்று தரம் மூடித் திறந்தார்.

"என்ன மச்சான், சூரியன்ட வாயப் பொத்துறீங்களா?" என்றேன்.

"சும்மா இரிங்ககா. உள்ளுக்க பெட்டரி ஒளிச்சி வெச்சிரிக்கானோ எண்டு பாக்கன்."

லுஹர் தொழுகைக்கு நேரமானது. பின்தோட்டத்து வேப்பமர நிழலில் வட்டமாக ஒரு சீமெந்துத் தரை, கழுவி விட்டதுபோல இருந்தது. அதிலே தொழுதோம். இமாமாக நின்றவர் மாமா. சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழும்பியதும் பொறியியலாளரிடம் கேட்டார்:

"தம்பி, அந்தச் சாணித் தாங்கி எங்க? நாத்தத்தயும் காணல்லியே."

அவர் சங்கடத்தோடு எங்கள் காலடியைக் காட்டினார். "நீங்க தொழுதது அதுக்கு மேலதான் ஐயா."

மாமா தணலை மிதித்தவர்போலத் துள்ளி இறங்கினார். தொழுதது கூடாது, செல்லாது என்றார் ஒருவர். மேல்தரை சுத்தம்தானே, கூடும் என்றார் இன்னொருவர். மாமா யாரையும் கேட்கவில்லை. மற்றச் சாரனை உடுத்து, திரும்பக் கைகால் கழுவி வுழு எடுத்து, வேலியோரம் போய்த் தனியாகத் தொழுதார். வந்து என் முகத்துக்கு நேரே சொன்னார்:

"என்ட தங்கச்சிட வளவுக்குள்ள இந்த வேல சரிவராது. விளங்கிச்சா?"



பிறகு அந்தக் கட்டடத்துக் குசினியில், சாணி வாயுவில், எங்களுக்குத் தேத்தண்ணி கொதித்தது. நீலச் சுடர். புகை துளியும் இல்லை. அப்படி ஒரு நெருப்பை என் ஆயுளில் நான் கண்டதில்லை. பார்த்தபடியே நின்றேன்.

"புகையில்லாத நெருப்பாலதான் அல்லாஹ் ஜின்னப் படைச்ச," என்றார் மாமா, வாசலில் நின்றே. "அந்தத் தேத்தண்ணிய நீங்களே குடிங்க."

நான் குடித்தேன். அங்கே வேலை செய்த பெண், ஊற்றி முடித்த கேத்திலை மேசையில் வைத்தார். மாமா அதையே பார்த்தார். உள்ளே வந்து, சூடு ஆறியதும் தூக்கி, அடிப்பக்கத்தை விரலால் தேய்த்தார். விரலில் கரி இல்லை.

"புதுக் கேத்திலா?"

"ரெண்டு வருசமாப் பாவிக்கிறம்," என்றார் அந்தப் பெண்.

மாமா கேத்திலைத் திரும்ப மேசையில் வைத்தார். தேத்தண்ணி குடிக்கவில்லை. பஸ் ஊருக்குத் திரும்பிப் பாதித் தூரம் வந்த பிறகு சொன்னார்:

"சட்டிக் கரிய விளக்கி விளக்கித் தங்கச்சிட விரலெல்லாம் வெடிச்சிக் கிடக்கு. நெஞ்சுக்குள்ள எவ்வளவு கரி இரிக்கோ." பிறகு என் பக்கம் திரும்பினார்: "கிணத்துக்குத் தூரமா வெட்டுங்க. மேலால ஆரும் தொழாம வேலி கட்டிரணும்."

மறுநாள் பின்நேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போயிருந்தார். நான் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முளை அடித்து, கயிறு கட்டி, தாங்கிக்கு மணலில் வட்டம் கீறினேன். கடற்காற்று அதை மூடியது. குதிக்காலால் அழுத்தி மறுபடியும் கீறினேன். பிறகு வாயுக் குழாய்க்காக அங்கிருந்து குசினி வாசல் வரை காலடி வைத்து அளந்தேன்.