கண்ணீர்க் குழாய்க்கு ஒரு ட்யூப்

போன வாரம் என் மனைவி ஸ்டெல்லா ஒரு கண் டாக்டரையே திகைக்க வைத்துவிட்டாள். ட்யூபை எடுத்துவிடலாம் என்று அவர் சொல்ல, "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே சார்" என்றாள்.

என்ன ட்யூப் என்கிறீர்களா?

மழைக்காலத்துக்கு முன்னால், குரோம்பேட்டையில் ஒரு துணிக்கடை. கூட்டத்தில் யாரோ ஒரு நைட்டியை வெடுக்கென்று இழுக்க, ஹேங்கரின் கம்பிக் கொக்கி ஸ்டெல்லாவின் வலது கண் ஓரத்தைக் கிழித்துவிட்டது. நல்லவேளை, பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் கண்ணீர் மூக்குக்குள் வடிகிற சின்னக் குழாய் அறுந்துபோயிருந்தது. அதற்குள் நூல் மாதிரி ஒரு சிலிக்கோன் ட்யூபை விட்டு — ஸ்டென்ட் என்கிறார்கள் — தைத்தார்கள். காயம் ஆறும்வரை ட்யூப் உள்ளேயே இருக்கும், அதுவரை கண்ணில் தண்ணீர் வழியலாம் என்றார் டாக்டர்.

வழிந்தது. தாம்பரம் மார்க்கெட்டில் காய் விற்கும் பெண், "இன்னாக்கா, வூட்ல எதுனா பிரச்சனையா?" என்று அவளிடம் கேட்டுவிட்டு, என்னை முறைத்தார். சர்ச்சில் நான் மனம் திரும்ப இரண்டு பேர் ஜெபிப்பதாகக் கேள்வி. என் மானம் கப்பலேறியதுதான் மிச்சம்...

ஞாயிறுதோறும் மெல்போர்னிலிருந்து மகன் டேனி வீடியோ காலில் வருவான். அழறியா என்று கேட்பான். ட்யூப்புடா என்பாள். நானும் நம்பினேன். வேலைக்குப் போனவன் இன்னும் ஒருமுறைகூட ஊருக்கு வரவில்லை. வரச்சொல்லி இவளும் கேட்டதில்லை. பிள்ளைக்கு அங்கே ஆயிரம் கஷ்டம் இருக்குமாம்!

டாக்டர் ட்யூபை எடுத்தார். கண் ஓரத்தில் உப்புத் தண்ணீரைச் செலுத்தி, தொண்டையில் கரிக்கிறதா என்றார். கரித்தது. குழாய் சரியாகிவிட்டது. அவர் சிரித்தார், இவள் சிரிக்கவில்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் காரணம் சொன்னாள்.

"இனிமே அவன் முன்னாடி அழ முடியாதுங்க."

இத்தனை மாதமாக என் பக்கத்தில் உட்கார்ந்தே அழுதிருக்கிறாள். எனக்கும்தான் அவனைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. நான் கிரிக்கெட் பேசிச் சமாளிக்கிறவன்.

இந்த ஞாயிறு டேனி காலில் வந்ததும் கண்ணைக் காட்டச் சொன்னான். காட்டினாள். கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தாள்... அப்புறம் பொலபொலவென்று கொட்டிவிட்டது. ட்யூபை எடுத்தாலும் கொஞ்ச நாளைக்குத் தண்ணீர் வருமாம் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள்.

அவன் திரையருகே முகத்தைக் கொண்டுவந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"எப்பவுமே ரெண்டு கண்ணுலயும்தாம்மா வந்துச்சு."

ஸ்டெல்லா முகத்தைத் துடைக்கவில்லை. அவன் போனதிலிருந்து முதன்முறையாகக் கேட்டாள்.

"ஒரு தடவ வந்துட்டுப் போயேன்டா."

திரையில் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவனுக்கு யாரும் ட்யூப் போடவில்லை.