கல்லாகிப் போன மாப்பிள்ளை

கடலைக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தலையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு என் மாமியார் ஓங்கிக் குரலெடுத்து அழுத அந்தப் பிற்பகலை நினைத்தால், இத்தனை வயதிலும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது. அன்று சிரிக்க முடியவில்லை. விரித்த புத்தகத்தோடு வெலவெலத்துப் போய் உட்கார்ந்திருந்தேன்.

அது இரண்டாம் உலக யுத்தகாலம். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டுக்கு நான் மருமகளாக வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் என்பதால் என்னிடம் எல்லாருக்கும் கொஞ்சம் கூச்சம். மாமியாரும் நானும் உப்பு, புளிக்கு மேல் பேசிக்கொண்டதில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குக் கடலைக்காய் மூட்டை ஏற்றிப்போன என் கணவர் ஒருமுறை கதைப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தார். கந்தர்வ இளவரசன் ஒருவன் ஓர் உப்பு வியாபாரியின் மகளிடம் மனதைப் பறிகொடுத்து, பௌர்ணமிதோறும் மேகத்திலிருந்து இறங்கி வரும் கதை. பாகம் பாகமாக வந்துகொண்டிருந்தது. மதியம் கடலைக்காய் உரிக்கிற நேரத்தில் மாமியாருக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். இரண்டாம் பாகம் முடிவதற்குள் கந்தர்வன் எங்கள் வீட்டு மனுஷனாகிவிட்டான். அந்தப் பெண்ணைத் தன் மகளாகவே வரித்துக்கொண்ட மாமியார் அவனை 'நம்ம மாப்பிள்ளை' என்றுதான் சொல்வார். அவன் இறங்கி வரும் இடத்தில் முந்தானையைச் சரிசெய்துகொள்வார். எங்கள் கூச்சமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மூன்றாம் பாகம் வேறு மாதிரி இருந்தது. முதல் பக்கத்திலேயே ஓர் அரக்கி நிலாவை விழுங்கிவிட்டாள். அதன்பிறகு ஒரே இருட்டு, காடு, சாபம். அந்தப் பெண் நடக்கிறாள், நடக்கிறாள், நடந்துகொண்டே இருக்கிறாள். பல மதியங்கள் வாசித்தும் காடு தீரவில்லை. எனக்கே கொட்டாவி வந்தது. "அந்தப் புள்ளைக்குக் காலு நோவாதா அம்மிணி? சுருக்கா மாப்பிள்ளைகிட்டக் கொண்டுபோயி உடு" என்று மாமியார் என்னை விரட்டுவார், கதையை எழுதியவளே நான்தான் என்பதுபோல. கடைசியில் ஒரு பக்கத்தைத் திருப்பினால், சொல்லாமல் கொள்ளாமல், நாலே வரியில் கந்தர்வன் கல்லாகிவிட்டான். பாகமும் முடிந்துவிட்டது.

"ஐயோ, எம் மாப்பிள்ளை போயிட்டாரே!"

கிணற்றில் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மாமனார், மாடுகளை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். பின்னாலேயே அக்கம்பக்கத்துப் பெண்கள். மாமனாரின் ஒரே மகளை மேச்சேரியில் கட்டிக்கொடுத்திருந்தது. மாப்பிள்ளை என்றால் அவருக்கு ஒருவர்தான். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எப்பப் போனாராம்? ஆரு வந்து சொன்னாங்க?" என்றார்.

"இப்பத்தானுங்க. கல்லாக்கிப் போட்டாளுங்க பாவி" என்று மாமியார் இன்னும் பெரிதாக அழுதார்.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "மாமா, மேச்சேரி அண்ணன் நல்லாத்தான் இருக்கறாங்க. இது கதையில வர்ற மாப்பிள்ளைங்க."

"அந்தப் பொஸ்தகத்தக் கொண்டா" என்றார் மாமனார். அடுப்புக்குத்தான் போகப்போகிறது, அதோடு எங்கள் மதியங்களும் போயின என்று நினைத்துக்கொண்டே நீட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அட்டையைத் தடவிப் பார்த்தார். திருப்பி என்னிடமே கொடுத்தார். "படி. எம் பாதி உசுரக் கொண்டுபோனவன் எப்பிடிப் போனான்னு நானுங் கேக்கறேன்."

வாசித்தேன். துக்கம் கேட்க வந்தவர்களும் உட்கார்ந்து, கையோடு கடலைக்காயையும் உரித்துப் போட்டார்கள். கடைசி வரி வந்ததும் மாமனார், "அவ்வளவுதானா?" என்றார்.

"ஆமாங்க மாமா."

கோபம் அப்போதுதான் வந்தது அவருக்கு. "அவ நடக்கறதுக்கு அத்தன பக்கம், இவன் போறதுக்கு நாலு வரியா? கையப் புடிச்சு மெதுவாக் கூட்டிட்டுப் போயிக் கெணத்துல தள்ளியுட்ட மாதிரியல்ல இருக்குது!"

காகிதத் தட்டுப்பாட்டால் நான்காம் பாகம் வர வெகுகாலம் பிடித்தது. என் கணவர் சேலத்திலிருந்து வெறுங்கையோடு வரும்போதெல்லாம் முதலில் முகம் சுருங்கியது மாமனாருக்குத்தான். போன வாரம் என் பேத்தி ஏதோ ஒரு தொடர் நாவலின் நடுப் பாகத்தைப் படித்துவிட்டு, ஒரே இருட்டு, ஒரே இழுவை என்று திட்டிக்கொண்டே அறைக்கதவைச் சாத்தி அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது. எங்களுக்கு அழுவதற்கு ஒரு வாசல் நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

நான்காம் பாகத்துக்குக் காத்திருக்கப் பொறுக்கமாட்டாமல் மாமனாரே ஒருநாள், பெட்ரோல் பஞ்சத்தில் அடுப்புக்கரியால் ஓடிய கரி பஸ் ஏறிச் சேலம் போனார். பொழுது சாயும் நேரம் முகமெல்லாம் கரிப்புகையோடு, புத்தகத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தடத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்: "ஏ புள்ள! மாப்பிள்ளை பொழச்சுட்டாரு! கடைக்காரரு படிச்சுச் சொன்னாரு!"

மாமியார் வெளியே பாய்ந்து வந்தார். சந்தோஷப்படுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். "ஏனுங்க, இத்தன நாளு காத்திருந்தனே, படிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிப் போட்டீங்களே!" என்று பிடித்துக்கொண்டார். அன்றிரவு மாமனாருக்குச் சாப்பாடு வைத்தது நான்தான்.

மறுநாள் மதியம் வாசல் நிறையக் கூட்டம். கல்லின்மேல் அந்தப் பெண்ணின் கண்ணீர் விழும் இடத்தில் நான் சற்று மூச்சுவாங்க நிறுத்தினேன். மாமியார் கணவரை ஓரக்கண்ணால் பார்த்தார். மாமனார் ஒன்றுமே தெரியாதவரைப்போல முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, எல்லாருக்கும் முந்திக்கொண்டு பதறினார்: "ஐயையோ! அப்பறம் என்னாச்சு அம்மிணி?"