சீமத் மன்னிப்புக் கேட்ட புத்தாண்டு

தெற்கு இராக்கின் சூக் அல்-ஷுயூக்கில், ஆற்றில் முழுகி வழிபடும் எங்கள் மந்தாயி மக்களின் தெருவில் சீமத் எவருக்கும் அஞ்சியவள் அல்ல. வெள்ளம் அளக்க வந்த அதிகாரியையே முழங்கால் சேற்றில் நிறுத்திவைத்துப் பேசி அனுப்பியவள். அவள் அஞ்சியது வருடத்தில் முப்பத்தாறு மணி நேரம் மட்டுமே.

புத்தாண்டு பிறந்ததும் உத்ராக்கள், அதாவது எங்களைக் காக்கும் ஒளியுலகத்தார், பேரொளி அரசருக்கு வாழ்த்துச் சொல்லக் கிளம்பிவிடுவார்கள். போகப் பன்னிரண்டு மணி நேரம், அங்கே தங்கப் பன்னிரண்டு, திரும்பப் பன்னிரண்டு. ஆற்றைக் காக்கும் ஷில்மாயும் நித்பாயும்கூட மாற்று ஆள் போடாமலே போவார்கள். அவர்கள் வரும்வரை நாங்கள் வீட்டுக்குள்தான். ஆறு, மண், மாடு, எதையும் தொடக்கூடாது, தொட்டால் தீட்டு.

சீமத்தின் மாட்டை அந்நேரம் கவனிப்பவள் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண் ஹஸ்னா. பதினொரு வருட ஏற்பாடு அது. மூன்று வாரத்துக்கு முன் ஹஸ்னாவின் ஆடு சீமத்தின் வெண்டைச் செடிகளை மேய்ந்தது. "அடங்காத வாய், வளத்தவ மாதிரியே" என்றாள் சீமத். அத்தோடு பேச்சு நின்றது. இந்த வருடம் சீமத்தே மாலையில் தொட்டி நிறையத் தீவனம் கொட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சினையாக இருந்த மாட்டுக்கு நாள்கணக்கு தெரியவில்லை. பத்து நாள் முன்னதாகவே, மறுநாள் நட்டநடுப் பகலில் வலி எடுத்தது. சன்னல் வழியே பார்த்தால், கன்றின் ஒரு கால்தான் வெளியே தெரிந்தது. அடைப்பு முடியும் விடியலுக்கு இன்னும் பதினெட்டு மணி நேரம் இருந்தது. மாடு அதுவரை தாங்காது.

"ஹஸ்னாவைக் கூப்பிடு" என்றான் கணவன் ஜிஸான்.

"நாக்கு அழுகினாலும் மாட்டேன்."

மாடு கதறியது.

"ஹஸ்னா!"

சுவருக்கு மேல் ஒரு தலை எழுந்தது. எந்நேரமாக அங்கே காத்திருந்ததோ!

"என்னக்கா? அடங்காத வாய் யாருக்குன்னு சொன்னே?"

"எனக்குத்தான்டி."

"தெருவுக்குக் கேக்கல."

"எனக்குத்தான்டீ!"

வேறு வேலை இல்லாமல் அடைந்து கிடந்த தெரு, ஒன்பது சன்னல்களிலிருந்தும் "ஆமா, ஆமா" என்று ஆமோதித்தது. நானும் ஒரு சன்னல்.

ஹஸ்னா சுவரேறிக் குதித்தாள்.

"மடங்கின காலை நிமுத்துடி! மெதுவா!" என்று சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள் சீமத்.

"அக்கா, பெறப்போறது மாடா, நீயா? சும்மா இரு!"

ஈன்றது கிடாரி. தாயும் பிழைத்தது. சீம்பாலைக் கறந்து காய்ச்சி, சீமத்தின் கண்ணெதிரே, சன்னலடியில் அமர்ந்து குடித்தாள் ஹஸ்னா.

"எப்படிடி இருக்கு?"

"சர்க்கரை போட்டிருக்கலாம்."

"கன்னுக்கு நெத்தியில சுழி இருக்கா?"

"இருக்கு."

"தள்ளி உக்காரேன்டி, மறைக்கிறே!"

ஹஸ்னா நகரவில்லை. விடியும்வரை அவள் சொல்லக் கேட்டுத்தான் சீமத் கன்றைப் பார்த்தாள்.