வடை மடித்த தாளில் வந்த படம்

எங்கள் மாமா யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைத் தன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் விடுவார். சோற்றில் கல் அகப்பட்டால் யார் போட்டது என்று கேட்பார். ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு ஆள் அனுப்புகிற காண்ட்ராக்டரிடம் அவர் சூப்பர்வைசர். தங்கை புருஷன் என்பதற்காக அப்பாவை அந்தக் கம்பெனி லைனில் வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அந்த வேலையை நம்பித்தான் மண்ணூரில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு அறையில் குடியிருந்தோம்.

அறைச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. ஒருநாள் வடை மடித்து வந்த வாரப் பத்திரிகைத் தாளில் ஒரு கேலிச்சித்திரம். ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவனும் முன்னால் நிற்பவனைப் பார்த்துப் பல்லைக் காட்டிக் கும்பிடுகிறான். அதே நேரம் ஒரு காலைத் தூக்கிப் பின்னால் நிற்பவனை உதைக்கிறான். தாளின் ஓரம் எண்ணெயில் ஊறிக் கிழிந்திருந்ததால், கடைசி ஆள் யாரை உதைக்கிறான் என்று தெரியவில்லை. பார்க்கச் சிரிப்பாக இருந்தது. அம்மா சோற்றைத் தடவி விரிசலின்மேல் ஒட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பிட வந்தார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, முதல் வாய் சோற்றிலேயே கை நின்றுவிட்டது.

“இன்னா மாப்ள, இது யாரு?”

அப்பாவின் முகம் வெளுத்தது. படத்தில் உதைக்கிறவன் மாமாவைப் போலவே இருப்பதை மாமாவே கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தார். லைனில் மாமா திட்டுகிற திட்டையெல்லாம் அப்பா அம்மாவிடம் முணுமுணுப்பது எனக்கே தெரியும்.

“பேப்பர் படம் மச்சான். வடை மடிச்சினு வந்தது.”

“எங்கிட்டயே கதையா? வெள்ளிக்கெழம ஆபீஸ்ல நடந்தத உனக்கு யாரு சொன்னா?”

“இன்னா நடந்தது?”

“காண்ட்ராக்டர் ஹெல்மெட்ட எம்மூஞ்சில வுட்டு அடிச்சான். இளிச்சினு நின்னேன். நான் வாங்குன உதைய வூட்டுல ஒட்டி வெச்சி சிரிக்கிறீங்களா?”

அதுவரை எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

“ஒட்டுனது நாந்தாண்ணா,” என்றாள் அம்மா.

“ஒட்டச் சொன்னது யாரு?”

அப்பா சிரித்தபடியே நல்லி எலும்பாகத் தேடி எடுத்து மாமா தட்டில் வைத்தார். மாமா அதை மிச்சம் வைக்காமல் தின்றார். கை கழுவினார்.

“நாளைலேர்ந்து கம்பெனி வேன்ல ஏறாத மாப்ள. பாஸ குடு.”

அப்பா சட்டைப்பையிலிருந்து பாஸை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. மாமா செருப்பைச் சரிபார்த்து மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் அறையைக் காலி செய்தோம். என் படிப்பு மண்ணூரோடு நின்றது. பிறகு நான் பிழைக்கப் போகாத ஊர் குறைவு.

அன்று மாமா போன பிறகு அப்பா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். படத்தைப் பிய்த்துக் கிழித்தார்.

“அதுல நீ எந்த ஆளுப்பா?” என்றேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

தலையில் ஒரு குட்டு விழுந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

தலையைத் தேய்த்துக்கொண்டே கிழிசல்களைப் பொறுக்கித் தரையில் சேர்த்து வைத்துப் பார்த்தேன். வரிசை மறுபடி வந்துவிட்டது. அந்த எண்ணெய் ஓரத்தில் கடைசி ஆளிடம் உதை வாங்கியது யார் என்று மட்டும் எனக்குத் தெரியவேயில்லை.