அலர்மேல்மங்கையின் இரண்டு நீலங்கள்

மதுரை தெற்குமாசி வீதிக்குப் பின்னே, கொழுந்தனார் பாலசுந்தரத்தின் சாயப்பட்டறையில் நிறத்தைப் பற்றிய இறுதிச் சொல் அலர்மேல்மங்கையுடையது. நனைத்த நூற்கழியை மொட்டைமாடி வெயிலில் விரித்துப் பார்த்து, "போதும்" என்பார். அல்லது, "இன்னும் ஒரு முக்கு" என்பார். இருபத்திரண்டு ஆண்டுகளாக எவரும் அதை மறுத்ததில்லை.

1978இல் மறுப்புகள் வந்தன. ஊதா நூலில் நீலம் மிகுதி என்று நெசவாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். அலர்மேல்மங்கை கிணற்றுத் தண்ணீரைக் குறை கூறினார். சாயப்பொடியைக் குறை கூறினார். பிறகுதான் இரண்டு கண்ணிலும் புரை என்று தெரிந்தது. வலக்கண்ணில் மட்டும் அறுவை நடந்தது.

ஆறு வாரம் கழித்து, தடித்த கண்ணாடியுடன் மாடியேறினார். அறுவைக்கு முன் அவர் 'போதும்' என்ற முப்பது கழிகள் மறுநாள் போகவேண்டியவை.

"இதுவும் திரும்பி வந்துச்சுன்னா, இனிமே நிறத்த நானே பாத்துக்கிறேன், அண்ணி" என்றார் பாலசுந்தரம்.

அலர்மேல்மங்கை ஒரு கழியை எடுத்து, வலக்கண்ணை மூடிப் பார்த்தார்: பழகிய மெல்லிய ஊதா. இடக்கண்ணை மூடினார்: கண்ணைப் பறிக்கும் நீலம்!

அன்று மதியமே மருத்துவரிடம் போய், எது மெய்யென்று கேட்டார்.

"வயசாக ஆக, கண்ணுக்குள்ள இருக்கிற வில்லை டீ டிகாஷன் மாதிரி பழுப்பாயிரும்மா. நீல வெளிச்சத்த அதுதான் மறிச்சிருக்கு."

"அப்ப புதுக் கண்ணுதான் சரியா?"

"அதுவும் முழுசா இல்ல. அந்த வில்லையையே எடுத்துட்டோம்ல? மத்தவங்களுக்குத் தெரியாத ஊதாவும் உங்களுக்குக் கொஞ்சம் தெரியும்."

திரும்பும் வழியெல்லாம் வானத்தையும் மல்லிகைச் சரங்களையும் கண் மாற்றிக் கண் மாற்றிப் பார்த்தார். ஒரு கண்ணுக்கு வெள்ளை மல்லிகை. மறு கண்ணுக்கு மஞ்சள் நீரில் தோய்த்த மல்லிகை. பூக்காரி, தன்னைப் பார்த்துக் கண்ணடிப்பதாக எண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பட்டறைக்குள் நுழைந்ததும், "அந்த முப்பதையும் அனுப்பாத, பாலு. கருநீலத்துல முக்கிரு. தண்ணி மேல தப்பில்ல, என் கண்ணு மேலதான்" என்றார்.

"அப்ப யாரு நிறம் பாக்குறது?"

பன்னிரண்டு ஆண்டுகளாகத் தொட்டியில் கழி முக்கும் ஒச்சம்மாளை அழைத்தார்.

"நீ சொல்லு, ஒச்சு."

"இம்புட்டு நாளாக் கேக்காம இப்பக் கேக்குறீகளேக்கா!" என்றவள், புதுக் கழியொன்றை ஊதாச் சாயத்தில் முக்கி, மூன்றாம் முக்கில் நிறுத்தினாள். "போதும். இதுக்கு மேல போனா கத்திரிக்காதான்."

அலர்மேல்மங்கை புதுக் கண்ணால் அந்த நிறத்தை நெடுநேரம் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டார். பின், கைகளைத் துடைத்துக்கொண்டு தொட்டியருகே அமர்ந்தார்.

"அடுத்ததுக்கு நான் சொல்றேன். தப்புன்னா, வெக்கப்படாம என்னைய வையி."