பாண்டீஸ்வரி டீச்சரின் இடது கை

எங்கள் பள்ளியின் கால அட்டவணையில் பி.டி. பீரியட் என்று ஒன்று உண்டு. அதை நடக்க விடுவதில்லை நாங்கள். கணக்கு டீச்சரான நானே போர்ஷன் முடியவில்லை என்று எத்தனையோ தடவை பறித்திருக்கிறேன். கடைசியில் பி.டி. டீச்சர் பாண்டீஸ்வரி என்னிடம் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தாள். "பீரியடை நீங்களே எடுத்துக்கங்கக்கா. சாயங்காலம் மட்டும் புள்ளைகளை எங்கிட்ட விட்ருங்க" என்றாள். ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டை ஒட்டி இருக்கும் எங்கள் பெண்கள் பள்ளிக்கு சாஃப்ட்பால் வந்த கதை இதுதான்.

"என்ன, பொம்பளப் புள்ளைக கிரிக்கெட்டா?" என்று கேட்கும் பெற்றோருக்கு அவள் சலிக்காமல் விளக்குவாள். பந்து கொஞ்சம் பெரிது, பேட் உருண்டை, பந்து தரையில் குத்தாமல் நேரே வரும், அடித்ததும் பேட்டைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

பல்கலைக்கழக அணிக்கு ஆடியவள் அவள். படிப்பு முடிந்த வருடம் கோச்சடைப் பக்கம் ஸ்கூட்டர் மணலில் சறுக்கி, இடது முழங்கை நொறுங்கிவிட்டது. தகடு வைத்தார்கள். கை நன்றாக நீளும், ஆனால் மடக்கினால் பாதியில் நின்றுவிடும். வேலையில் சேர்ந்தபோது இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கை மடங்காதவள் என்ன பி.டி. டீச்சர் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். வெயிலோ மழையோ, முழுக்கைச் சட்டைதான். ஒரு கல்யாண வீட்டில் தலையில் பூ வைக்க முடியாமல் அவள் திணறியதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அன்று முதல் அவளுக்குப் பூ வைத்துவிடுவது என் வேலையாயிற்று. நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

அவளுடைய பிள்ளைகளிடம் ஒரே ஒரு கோளாறு இருந்தது. பேட்டை வீசும்போது இடது கை முன்கூட்டியே விறைத்து நீண்டுவிடும். கை நீண்டால் பேட் பெரிய வட்டம் போட்டுத்தான் வரும், அதற்குள் பந்து கடந்துவிடும். முழங்கை மடங்கி, கை நெஞ்சோடு ஒட்டி வந்து, பந்தைத் தொடும்போதுதான் நீள வேண்டும். இதை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அத்தனை தடவை அவள் வாயால் கேட்டாயிற்று.

செய்யாத வைத்தியம் இல்லை. அக்குளில் துண்டைச் சுருட்டி வைத்து, அது விழாமல் வீசச் சொன்னாள். சுவரை ஒட்டி நிறுத்தி, பேட் சுவரில் படாமல் வீசச் சொன்னாள். சுவர் முழுக்கக் கீறல் விழுந்ததற்குத் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டுத் திட்டியதுதான் மிச்சம்.

இதனால் அதிகம் நஷ்டப்பட்டது ஜெயக்கொடிதான். அணித் தலைவி. நல்ல உடம்பு, நல்ல கண். போன வருடம் மாநில அணித் தேர்வில், "பலம் இருக்கு, கை விறைப்பா இருக்கு" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த வருடம் ப்ளஸ் டூ. அந்தச் சனிக்கிழமை நடக்கவிருந்த தேர்வுதான் அவளுக்குக் கடைசி. அதில் தேறினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட் கிடைக்கும். தேறாவிட்டால் மில் வேலை என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். அந்த வாரம் பாண்டீஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆசிரியர் கூட்டம் என்றார்கள். "நீங்களா பிராக்டிஸ் பண்ணுங்கடி" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வந்தாள். தலைமையாசிரியைக்குத் தலைவலி, கூட்டம் இல்லை. இரண்டு பேரும் சைக்கிள் ஷெட் வழியாக மைதானத்துக்குத் திரும்பினோம். எப்போதும் சொத்தென்று கேட்கும் பேட் சத்தம் அன்று கணீரென்று கேட்டது.

ஷெட் ஓரத்தில் நின்று பார்த்தோம். ஜெயக்கொடி அடித்துக்கொண்டிருந்தாள். முழங்கை அழகாக மடங்கி வந்தது. அடுத்து வந்தவளுக்கும் அப்படியே. பாண்டீஸ்வரி என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அக்கா, பாருங்கக்கா! மடக்குறாளுக!"

சின்னப் பிள்ளை மாதிரி மைதானத்துக்குள் ஓடினாள். "இன்னொண்ணு அடி ஜெயா, இன்னொண்ணு!" என்று கத்தினாள். ஜெயக்கொடி அவளைப் பார்த்தாள். அடுத்த பந்துக்குக் கை கம்பு மாதிரி விறைத்து நீண்டது. அடுத்தவளுக்கும் அப்படியே.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எட்டாம் வகுப்பு பவதாரிணிக்கு வாயில் ஒன்றும் தங்காது. அவளைப் பிடித்து நிறுத்தினேன். "என்னடி கூத்து இது?" என்றேன்.

"ஜெயாக்காதான் டீச்சர் சொல்லுச்சு. பாண்டி டீச்சர் முன்னாடி கையை மடக்கி அடிச்சா, அவங்களுக்கு அவங்க கை நெனப்பு வந்து சங்கடப்படுவாங்களாம். அவங்க இல்லாதப்ப மட்டும் மடக்கணுமாம்."

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாண்டீஸ்வரி என் பின்னால்தான் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"புள்ளைகளுக்குத் தெரியுமாக்கா?" என்றாள். பிறகு, "போன வருசம் தேர்வு நடக்கையில நான் அவ எதுக்கதான நின்னேன்" என்றாள்.

அவள் மனசு எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்தது. ஆறுதல் சொல்ல எனக்கு வராது, கணக்குப் போடத்தான் வரும். "சனிக்கிழமை நீ வர வேணாம். நான் கூட்டிட்டுப் போறேன். நீ இல்லாட்டி அவ ஒழுங்கா அடிப்பா" என்றேன்.

"இன்னும் எம்புட்டு நாளைக்குக்கா ஒளிச்சுக்கிட்டு இருக்குறது?" என்று கேட்டுவிட்டு நடுமைதானத்துக்குப் போனாள்.

எல்லோரையும் கூப்பிட்டாள். இடது சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டினாள். முழங்கையைச் சுற்றி ஓடிய தழும்பை நானும் அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். கையை மடக்கினாள். பாதியில் நின்றது.

"இம்புட்டுத்தான் மடங்கும். ஸ்கூட்டர்ல விழுந்தேன், ஒடஞ்சிருச்சு. இதுல மறைக்க ஒண்ணுமில்ல" என்றாள். பேட்டை வாங்கி ஒரு தடவை வீசிக் காட்டினாள். "பாத்தீங்களா? பேட்டு எம்புட்டு தூரம் சுத்திட்டு வருது! இதுதான் தப்பு. நல்லாப் பாத்துக்கங்க. எனக்கு வேற வழியில்ல. ஒங்களுக்கு இருக்கு."

ஜெயக்கொடி தேம்ப ஆரம்பித்தாள்.

"அழுகுறதுக்குக் கணக்கு பீரியட் இருக்கு. பேட்டைப் பிடி" என்று பாண்டீஸ்வரி அதட்டினாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

பந்தை அவளே எடுத்துக்கொண்டு எதிரே போய் நின்றாள். முதல் பந்துக்கு ஜெயக்கொடியின் கை மறுபடியும் விறைத்தது. "ஏய், நான் இங்கதான் நிக்கிறேன். எங்கண்ணு முன்னாடியே மடக்கு" என்று பாண்டீஸ்வரி சத்தம் போட்டாள்.

இரண்டாவது பந்துக்கு முழங்கை மடங்கியது. கணீரென்ற சத்தம் யானைமலை வரைக்கும் கேட்டிருக்கும். பந்து காம்பவுண்டைத் தாண்டிப் புதிதாகக் கட்டும் வீடுகளுக்குள் போய் விழுந்தது. எல்லோரும் பந்து போன திசையைப் பார்த்தோம். ஜெயக்கொடி மட்டும் பேட்டைப் பிடித்தபடி டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி என் மொகத்தப் பாக்குற?" என்று கத்தினாள் பாண்டீஸ்வரி. "ஓடு!"